ஒரு சட்டி ஈசலும் ஒரு சமையல் குழுவும்

மாடரேட்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டபோது முதலில் மறுத்தேன். எந்தப் பட்டனை எங்கே அழுத்துவது என்பதெல்லாம் நீங்கள் என்னைவிட வேகமாகக் கற்றுக்கொள்வீர்கள். நான் வேலை பார்த்த காலத்துத் திரையும் இப்போது மாறிவிட்டது என்கிறார்கள். பட்டனை அழுத்துவதற்கு முன்னால் கையை நிறுத்தி யோசிக்கிறோமே, அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி மட்டும்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

என் பெயர் ஸ்டெல்லா. ஊர் ஆவூர். புதுக்கோட்டையில் ஓர் அச்சகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டிய பிறகு இந்த வேலைக்கு வந்தேன். நம் குழு அப்போதும் சமையல் குழுதான். யார் வேண்டுமானாலும் சேரலாம், சமைத்ததைப் போட்டோவாகவோ வீடியோவாகவோ போடலாம், மற்றவர்கள் கீழே எழுதலாம். அங்கே எழுதப்படுவதை வாசித்து, எது இருக்கலாம் எது இருக்கக்கூடாது என்று பார்ப்பது என் வேலை. வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன வேலை என்று கேட்டால் என் அண்ணன், "கம்ப்யூட்டர்ல சண்டை வெலக்கி விடுது" என்பான். சிரிப்பாக இருக்கும், ஆனால் அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் என்னைவிட வயதில் சின்னவர். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் விட்டுவிடுகிறேன். சேர்ந்த வாரத்தில் ஒரு கமெண்ட்டை நீக்குவதற்காகக் குறித்து வைத்திருந்தேன். "பாக்கவே பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்கே" என்று ஒருவர் ஒரு பெண்ணின் கூட்டுக்குக் கீழே எழுதியிருந்தார். அதைப் பார்த்துவிட்டு, "வாய்விட்டு வாசிங்க" என்றார் அவர். வாசித்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துச் சொல்வது போலத்தான் இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. "உங்க வீட்டுல இதத்தான் சாப்பிடுவாங்களா?" அதில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. நான் அதைத் தாண்டிப் போயிருந்தேன். "இதையும் வாசிங்க" என்றார். வாய்விட்டு வாசித்தபோது யாரையோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. கெட்ட வார்த்தையைக் கண்டுபிடிக்க மெஷின் இருக்கிறது, இப்படிப்பட்டதைக் கண்டுபிடிக்கத்தான் நாம் இருக்கிறோம் என்றார். அன்றிலிருந்து நான் அலுவலகத்தில் முணுமுணுத்துக்கொண்டே வேலை பார்த்தேன். பக்கத்து இருக்கை செந்தில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

நான் சொல்ல வந்தது காளியம்மாளின் வீடியோவைப் பற்றி.

காளியம்மாளுக்குக் கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தோட்டங்களில் பூப்பறிக்கப் போகிறவர். எப்போதாவதுதான் குழுவில் எதையாவது போடுவார். அவருடைய வீடியோக்களில் பேச்சு அதிகம் இருக்காது, கை வேலை செய்வது மட்டும் தெரியும். அந்த ஐப்பசியில் நல்ல மழை. மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பியிருக்கிறது. அதைப் பிடித்து, காலையில் முறத்தில் புடைத்து இறக்கையைப் போக்கி, மண்சட்டியில் வறுத்து, வறுத்த அரிசியும் பொட்டுக்கடலையும் சேர்த்து உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் கிளறி எடுத்தார். கடைசியில் அவர் மகள் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "சூப்பர்மா" என்கிறாள். வீடியோ அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஈசல் புதிது இல்லை. ஆனால் குழுவில் எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டும் இல்லை.

முதலில் வாந்தி எடுக்கும் பொம்மைகள் வந்தன. பிறகு "ச்சீ", பிறகு "இதெல்லாம் சாப்பாடா?" பிறகு ராஜலட்சுமி அம்மா எழுதினார். ராஜலட்சுமி அம்மா விராலிமலைக்காரர். சுத்த சைவம். நம் குழுவில் அவருக்கு இருந்த மரியாதை பெரியது. புதிதாகச் சமைக்கக் கற்றுக்கொள்கிற பெண்கள் எந்த நேரத்தில் எதைக் கேட்டாலும் பொறுமையாகப் பதில் எழுதுவார். அவர் எழுதியது இதுதான்: "இது சமையல் குழு என்று நினைத்து இவ்வளவு நாள் இருந்தேன். பூச்சியைத் தின்பதையெல்லாம் காட்டுகிற இடத்தில் எனக்கு வேலை இல்லை. அட்மின் இதை எடுக்காவிட்டால் நான் வெளியேறுகிறேன்."

அதன் பிறகு இரண்டு கட்சி ஆகிவிட்டது. ஒரு கட்சி வீடியோவை நீக்கச் சொன்னது. அதில் சிலர் காளியம்மாளின் சாதியை ஊகித்து எழுதத் தொடங்கினார்கள். இன்னொரு கட்சி காளியம்மாளுக்காகப் பேச வந்தது. அதில் சிலர் ராஜலட்சுமி அம்மாவின் சாதியைத் திட்டினார்கள், அவர் வயதைக் கிண்டல் செய்தார்கள், அவருடைய பழைய சாம்பார் வீடியோக்களைத் தேடிப்போய் அங்கேயும் எழுதிவிட்டு வந்தார்கள். காளியம்மாள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ராஜலட்சுமி அம்மாவும் அந்த ஒன்றுக்குப் பிறகு எழுதவில்லை. சண்டை போட்டவர்கள் எல்லோரும் மற்றவர்கள்.

முதலாளி போன் செய்தார். "அந்த வீடியோவத் தூக்கிடுங்க. ராஜலட்சுமிம்மா போனா அவுங்க பின்னாடி பாதிப் பேரு போயிருவாங்க."

"வீடியோல தப்பு ஒண்ணும் இல்ல சார். நம்ம விதிப்படி அது சமையல்தான்."

"விதியெல்லாம் எனக்கும் தெரியும்மா. இப்ப என்ன பண்ணலாம்னு சொல்லுங்க."

"சாயங்காலம் வரைக்கும் எனக்கு டைம் குடுங்க சார்" என்றேன். என்ன செய்யப் போகிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது. ஆனால் எல்லோரும் அவசரப்படுகிற நேரத்தில் கொஞ்சம் அவகாசம் கேட்டு வாங்குவதும் நம் வேலைதான்.

செந்திலும் நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தோம். "எனக்கு இது பிடிக்காது", "என்னால் பார்க்க முடியவில்லை" என்பவற்றை விட்டோம். பிடிக்கவில்லை என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. "நீங்களெல்லாம் மனுஷங்களா" என்பவற்றை எடுத்தோம். சாதியைத் தொட்டு எழுதிய எல்லாவற்றையும், எழுதியவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் எடுத்தோம். செந்திலுக்கு ஓர் இடத்தில் கை நின்றது. ராஜலட்சுமி அம்மாவைத் திட்டி ஒருவர் நீளமாக எழுதியிருந்தார்.

"இவரு காளியம்மாளுக்கு ஆதரவாத்தானக்கா பேசுறாரு?" என்றான்.

"வாய்விட்டு வாசி."

வாசித்தான். பாதியிலேயே நிறுத்திவிட்டு நீக்கினான். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் யார் பக்கம் நியாயம் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டோமோ, அந்தப் பக்கத்து ஆட்களின் அசிங்கம் நம் கண்ணுக்குத் தெரியாது. அதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

பிறகு ராஜலட்சுமி அம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் அழுதிருந்தார் என்று குரலில் தெரிந்தது.

"எம் பேரன் வயசுப் புள்ளைங்க என்னென்னமோ எழுதியிருக்குங்க ஸ்டெல்லா. அம்பது வருசமா சமைக்கிறேன். இப்படி ஒரு பேச்சு வாங்குனதில்ல."

"எல்லாத்தையும் எடுத்தாச்சும்மா. எழுதுனவங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியிருக்கோம்."

மூக்கை உறிஞ்சிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்த வீடியோவ எடுத்தாச்சா?" என்றார்.

"இல்லம்மா. அது இருக்கும்."

"அன்னிக்கு கிருத்திகை. நான் விரதம். பூஜைக்கு வச்சிட்டு, சும்மா போனத் தொறந்தேன். மொத மொத அதுதான் வருது. எனக்குக் கொமட்டுனது பொய்யில்ல. அதச் சொன்னது தப்பா?"

தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. நானும் கறி தொடாத தவக்கால வெள்ளிக்கிழமைகளில் வரிசையாகப் பிரியாணி வீடியோக்களைப் பார்த்து எரிச்சல்பட்டவள்தான். அதை அவரிடம் சொன்னேன்.

"கொமட்டுச்சுன்னு நீங்க சொன்னதுல தப்பு இல்லம்மா. அந்தப் பொண்ண வெளிய போகச் சொன்ன மாதிரி ஆயிருச்சு, அதுதான். நீங்க சொன்னா நெறையப் பேரு கேப்பாங்க. ஒங்களுக்குப் பின்னாடி வந்தவங்க என்ன எழுதுனாங்கன்னு படிச்சீங்களா?"

"படிச்சேன். அதெல்லாம் நான் சொல்லல."

"தெரியும்மா."

"பாக்காம இருக்கறதுக்கு எனக்கு ஒரு வழி சொல்லு. நான் யாரையும் போகச் சொல்லல. ஆனா என் கண்ணுல படாம இருக்கணும்" என்றார்.

அவர் கேட்டது நியாயம். எனக்கு உடனே ஒரு யோசனை தோன்றியது. இப்படிப்பட்ட பதிவுகளுக்கு மேலே 'பூச்சி உணவு, விரும்பாதவர்கள் பார்க்க வேண்டாம்' என்று ஒரு பட்டை போட்டு, முதல் படத்தை மறைத்துவிடலாம். செந்திலும் சரி என்றான். முதலாளிக்கு மிகவும் பிடித்துப்போனது. காளியம்மாளிடம் சொல்லிவிட்டுச் செய்யலாம் என்று அவருக்குப் போன் செய்தேன்.

அவர் முழுவதையும் கேட்டார். பூத்தோட்டத்தில் இருந்தார் போல, பின்னால் பெண்கள் பேசும் சத்தம் கேட்டது.

"ஏங்க்கா, கோழிக் கொழம்புக்கு அப்படிப் போட்டிருக்கீங்களா?"

"இல்லங்க."

"நண்டுக்கு?"

"இல்ல."

"அப்ப எஞ்சட்டிக்கு மட்டும் எதுக்கு எழுதி ஒட்டுறீங்க? எறால் தின்னா மீனு. ஈசல் தின்னா பூச்சியா? ஒட்டுறதுன்னா எல்லாத்துக்கும் ஒட்டுங்க. இல்லாட்டி எடுத்துருங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் எடை குறைந்தால் எப்படிச் சொல்வோமோ அப்படிச் சொன்னார். நான் யோசித்த ஏற்பாட்டில் அந்த அம்மாவின் கண்ணுக்கு நிம்மதி இருந்தது, இந்தப் பெண்ணின் சட்டியில் மட்டும் ஒரு முத்திரை விழுந்திருக்கும். முத்திரை குத்தியபின் அதைப் பார்க்கிற ஒவ்வொருவனும் அது ஏதோ தப்பான பொருள் என்றுதான் நினைப்பான்.

அன்று மாலையே குழுவில் புதிய ஏற்பாட்டை அறிவித்தோம். இனி யார் எதைப் போட்டாலும், சாம்பாராக இருந்தாலும் நண்டு வறுவலாக இருந்தாலும், முதல் வரியில் அதில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். பருப்பு, முட்டை, ஆட்டுக்கறி, ஈசல், வெங்காயம் பூண்டு இல்லாதது, எதுவானாலும் சரி. எதை நீங்கள் பார்க்க விரும்பவில்லையோ அதைத் தேர்ந்தெடுத்து உங்கள் திரையில் வராமல் செய்துகொள்ளலாம். யாரும் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நிறையப் பேர் முணுமுணுத்தார்கள். ரசத்துக்கெல்லாம் எதற்கு என்று கேட்டார்கள். ஆனால் பெருங்காயம் ஒத்துக்கொள்ளாதவர்கள், முட்டை சாப்பிட்டால் குழந்தைக்குத் தடிப்பு வருகிறவர்கள் என்று யார் யாரோ நன்றி சொல்லி எழுதினார்கள். ராஜலட்சுமி அம்மா தனக்கு வேண்டாதவற்றை மறைத்துக்கொண்டு குழுவில் இருந்தார். வீடியோ அதன் இடத்தில் இருந்தது. நானும் செந்திலும் கேண்டீனில் போய் வடை சாப்பிட்டோம்.

இதோடு கதை முடிந்திருந்தால் இதை உங்களுக்குச் சொல்ல வந்திருக்க மாட்டேன்.

அடுத்த வாரம் காளியம்மாள் போன் செய்தார். இந்த முறை குரல் வேறு மாதிரி இருந்தது.

"அக்கா, அந்த வீடியோவ எடுத்துருங்கக்கா."

"ஏங்க, மறுபடி யாராச்சும் எழுதுறாங்களா?"

"அபி ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குது. போன்ல வந்துருக்குன்னு கூடப் படிக்கிற புள்ளைங்க எல்லாம் 'ஈசல், ஈசல்'னு கூப்புடுதுங்களாம். வாத்தியார்ட்டயும் சொல்லல. முந்தாநாள்லேர்ந்து படுத்தே கெடக்கு."

அபி அவருடைய மகள். பதினொன்றாம் வகுப்பு. வீடியோவின் கடைசியில் ஒரு கை அள்ளி வாயில் போட்டவள்.

நான் போனை வைத்துவிட்டு செந்திலிடம் சொன்னேன். அவன் முகம் மாறியது.

"இப்ப எடுத்தா அவுங்க ஜெயிச்ச மாதிரி ஆயிருமேக்கா. இவ்வளவு பண்ணி அத அங்க நிறுத்தி வச்சிருக்கோம். எடுத்துட்டாங்க பாருன்னு அவனுங்க போடுவானுங்க."

அவன் சொன்னது முழுத் தப்பு இல்லை. முதலாளியிடம் பேசி, விதியை மாற்றி, நாங்கள் காப்பாற்றி வைத்திருந்தது அந்த வீடியோ. அதை நீக்கினால் நாளைக்கு வேறு ஒரு பெண் நத்தையோ கருவாடோ சமைத்துப் போடும்போது, கூச்சல் போட்டால் போதும் என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். எனக்கும் மனம் ஒப்பவில்லை.

ஆனால் அந்த வீடியோ எங்களுடையது இல்லை. அவர் சமைத்தார், அவர் போட்டார், அவர் எடுக்கச் சொல்கிறார். இதில் நாம் ஜெயிப்பதற்கோ தோற்பதற்கோ எதுவும் இல்லை. செந்திலிடம் அப்படித்தான் சொன்னேன். சொல்லிக்கொண்டே நீக்கினேன். அதன் கீழே இருந்த அத்தனை கமெண்ட்டுகளும் கூடவே போயின.

நம் குழுவில் நீக்கினாலும் பள்ளிப் பிள்ளைகளின் போன்களில் அது இருக்கிறதே. காளியம்மாளுக்கு யாரோ அனுப்பியிருந்த வீடியோத் துணுக்கை வாங்கிப் பார்த்தோம். அபி சாப்பிடுகிற கடைசிப் பகுதியை மட்டும் வெட்டி, பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் சேர்த்திருந்தார்கள். போன் திரையை அப்படியே பதிவு செய்திருந்ததால் பதிவு செய்தவர் நம் குழுவில் தன் பெயரோடு வைத்திருக்கும் படம் மூலையில் சின்னதாகத் தெரிந்தது. செந்தில்தான் கண்டுபிடித்தான். பிரபு.

பிரபுவை எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆலங்குடிப் பக்கத்துப் பையன், வளைகுடாவில் வேலை. எட்டுப் பேர் இருக்கிற அறையில் சமைப்பதைப் போடுவான். உப்பு கூடிவிட்டால் அதையும் சொல்லிச் சிரிப்பான். எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். எங்கள் விதிப்படி அவனை உடனே குழுவிலிருந்து நீக்கியிருக்கலாம். செந்தில் அதற்கான பக்கத்தைத் திறந்தும் வைத்துவிட்டான். நீக்கிவிட்டால் அவனிடம் பேச வழி இல்லாமல் போய்விடும், அந்தத் துணுக்கு எங்கெல்லாம் போனது என்று தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்று சொல்லி நிறுத்தினேன்.

போனில் அவன் முதலில் மறுத்தான். படத்தைப் பற்றிச் சொன்னதும் ஒத்துக்கொண்டான்.

"தமாஷுக்குப் போட்டேன்க்கா. எங்க ஊருப் பசங்க குரூப்புல. இம்புட்டுப் பரவும்னு தெரியாது."

"நீ ஈசல் சாப்பிட்டது இல்லையா பிரபு?"

அவன் எழுந்து அறைக்கு வெளியே போவதும் கதவைச் சாத்துவதும் கேட்டது.

"சாப்பிடுவேன்க்கா. எங்க ஆத்தா வறுத்து வச்சிருக்கும், ஸ்கூல் விட்டு வந்து அள்ளி டவுசர் பாக்கெட்டுல போட்டுக்கிட்டுத்தான் வெளையாடப் போவேன். இங்க ரூம்ல வேற வேற ஊருக்காரங்க இருக்காங்க. அந்த வீடியோவப் பாத்துட்டு எல்லாரும் சிரிச்சாங்க. 'ஒங்க ஊரா இது'ன்னு கேட்டாங்க. நான் இல்லன்னுட்டேன். அப்புறம் நானும் சேந்து சிரிச்சேன்."

அபி பள்ளிக்குப் போகாமல் இருப்பதை மட்டும் சொன்னேன். "ஐயோ, சின்னப் புள்ளையாக்கா அது?" என்றான். அவன் அதுவரைக்கும் அதை யோசிக்கவே இல்லை. திரையில் தெரிந்த முகத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

"நான் குரூப்புல பகிரங்கமா மன்னிப்பு கேட்டுப் போடுறேன்க்கா" என்றான்.

"பொறு. அவுங்கள்ட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறிக் கீரமங்கலம் போனேன். இந்த வேலையில் உறுப்பினர் வீட்டுக்குப் போகும் வழக்கம் இல்லை, போகவும் கூடாது என்பார்கள். காளியம்மாள் வரச் சொன்னதால் போனேன். பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றிருந்தார். வீடியோவில் கைகளை மட்டும் பார்த்துப் பழகியதால் முகத்தைப் பார்த்ததும் யாரோ போலத் தோன்றியது. வீட்டில் அபி முதலில் உள்ளேயே இருந்தாள். காளியம்மாள் டீ போட்டு எடுத்து வந்தபோது வந்து கதவோரம் நின்றாள்.

பிரபு மன்னிப்புக் கேட்க நினைப்பதைச் சொன்னேன்.

"வேணாம் ஆன்ட்டி" என்றாள் அபி உடனே. "அவரு மன்னிப்பு போட்டா, எதுக்கு மன்னிப்புன்னு மறுபடி எல்லாரும் தேடிப் பாப்பாங்க."

எனக்கு அது தோன்றவே இல்லை. நாங்கள் எவ்வளவு யோசித்தாலும், அனுபவிக்கிறவளுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியவில்லை.

"ஒனக்கு அம்மா மேல கோவமா?" என்று கேட்டேன்.

"ஈசல் எனக்குப் புடிக்கும் ஆன்ட்டி. இப்பவும் புடிக்கும். அதத் தின்னதுக்கு எனக்கு வெக்கமில்ல. நான் திங்கிறத எல்லாரும் பாக்கட்டும்னு நான் சொல்லல. அதுதான். அம்மா போடுறப்ப எங்கிட்ட கேக்கல. அங்க அவ்வளவு பேரு எங்களுக்காகச் சண்ட போட்டாங்கன்னு அம்மா சொன்னுச்சு. அவுங்களும் யாரும் கேக்கல."

காளியம்மாள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏ ஆத்தா, நல்லா இருக்குன்னுதான போட்டேன்" என்றார்.

"நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றாள் அபி.

பிறகு மூவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். பிரபு குழுவில் எதுவும் போடக்கூடாது. தான் அனுப்பிய ஊர்க் குரூப்பில் மட்டும், "அது என் தங்கச்சி வயசுப் பொண்ணு, வச்சிருக்கிறவங்க அழிச்சிருங்க, அனுப்பினவங்ககிட்டயும் சொல்லுங்க" என்று எழுத வேண்டும். பள்ளியில் வகுப்பு ஆசிரியையிடம் காளியம்மாள் போய்ப் பேச வேண்டும், கேலி செய்த பிள்ளைகளின் பெயர் எதுவும் சொல்லாமல். அபி திங்கட்கிழமை முயற்சி செய்து பார்ப்பாள். முடியவில்லை என்றால் வந்துவிடுவாள், யாரும் திட்டக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை அபி வைத்தது.

பிரபு சொன்னபடி செய்தான். எழுதியது மட்டுமல்ல, ஒவ்வொருவனாகப் போன் செய்தும் சொன்னான் என்று பின்னால் தெரிந்தது. அப்படியும் முழுவதும் அழிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஒருமுறை வெளியே போனது முழுவதும் திரும்பாது என்பதை நீங்கள் இந்த வேலையில் சீக்கிரமே புரிந்துகொள்வீர்கள். திங்கட்கிழமை அபி பள்ளிக்குப் போனாள். இரண்டு மூன்று பேர் கூப்பிட்டார்களாம். ஆசிரியை சத்தம் போட்டதும் நின்றது. பிறகு பரீட்சை வந்தது, பிள்ளைகளுக்கு வேறு வேலை வந்தது.

பிரபுவை நாங்கள் சில மாதங்கள் எழுத முடியாதபடி நிறுத்திவைத்தோம். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. மறுபடி வந்தபோது முன்னைப் போலவே உப்பு கூடிய குழம்பைப் போட்டான். குழுவின் விதிகளில் நாங்கள் ஒன்றைச் சேர்த்தோம். வீடியோவில் வேறு யார் முகமாவது தெரிந்தால், அவர்களிடம் கேட்டாயிற்றா என்று போடுவதற்கு முன் ஒரு கேள்வி வரும். நீங்கள் தினமும் பார்க்கிற அந்தக் கேள்வி அபி கேட்டது.

காளியம்மாள் அதற்குப் பிறகு வெகுநாள் எதுவும் போடவில்லை. நானும் கேட்கவில்லை. வா, வந்து எழுது என்று ஒருவரைத் திரும்பக் கூப்பிடுவது நாம் நினைக்கிற அளவுக்கு நல்ல காரியம் இல்லை. அவர்களுக்குத் தோன்றும்போது வருவார்கள், தோன்றாவிட்டால் வரமாட்டார்கள். இரண்டையும் நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும். ராஜலட்சுமி அம்மா வழக்கம் போல இருந்தார். ஒருமுறை வேறு விஷயமாகப் பேசும்போது, "அந்தப் பொண்ணு இருக்காளா?" என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். மேலே எதுவும் கேட்கவில்லை.

கோடை வந்தது. அந்தப் பக்கத்தில் பலாப்பழக் காலம். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள் மதியம், காளியம்மாள் பெயரில் ஒரு வீடியோ வந்தது. முதல் வரியில் பலாக்கொட்டை, கத்தரிக்காய், புளி, பூண்டு என்று எழுதியிருந்தது. யார் முகமும் இல்லை. அதே கைகள் பலாக்கொட்டையை நசுக்கிக் குழம்பில் போட்டன.

நான் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே மற்ற வேலைகளைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், நிமிடத்துக்கு ஒருமுறை அதைத் திரும்பிப் பார்த்தேன். பழைய ஆள் யாராவது 'ஈசல்' என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

முதலில் எழுதியவர் ராஜலட்சுமி அம்மா.

"கொட்டையை வறுத்துத் தோல் உரிக்கிறீங்களா, வேகவைச்சு உரிக்கிறீங்களா? எனக்கு உள்தோல் ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குது."

நான் அதை வாய்விட்டு வாசித்தேன். அது குழம்பைப் பற்றிய கேள்விதான். வேறு ஒன்றும் அதில் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் காளியம்மாள் பதில் எழுதியிருந்தார்.

"வறுக்கணும்மா. வெள்ளைத் தோலு வெடிச்சு வரும். உள்ள இருக்குற செவப்பு தோலு இருந்தா பரவால்ல, அதோடவே போடுங்க. நல்லா இருக்கும்."

"பூண்டு போடாம செஞ்சா?"

"பெருங்காயம் கூடப் போடுங்க. சரியா வரும்."

"செஞ்சு பாத்துட்டுச் சொல்றேன்."

அதற்குக் கீழே யார் யாரோ வேறு எதையெதையோ கேட்டிருந்தார்கள். நான் நீக்க வேண்டியது எதுவும் இல்லை. அடுத்த பதிவுக்குப் போனேன்.